தோற்றவருக்கு ஒரு டீ

அவர் பெயரை எழுதப் போவதில்லை. பயமெல்லாம் ஒன்றுமில்லை. பெயரைப் போட்டால் எங்கிருந்தாவது இதைப் படித்துவிட்டு, "தம்பி எழுதுனதும் ஞாயந்தான், ஆனா அன்னைக்கி நடந்தது அப்பிடி இல்லியே" என்று போன் செய்வார். அந்த 'ஞாயந்தான்' என்ற சொல்லை ஒன்பது வருடம் காது புளிக்கக் கேட்டவன் நான். இனிமேலும் கேட்டால் டாக்டர் எழுதிக் கொடுத்த பிரஷர் மாத்திரை பத்தாது.

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வைத்திருந்த எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. எங்களில் மூன்று பேர் அவரைவிட வயதில் மூத்தவர்கள். அவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒடிசலான உடம்பு, ஒரு பக்கக் காலில் ரப்பர் பேண்ட் சுற்றிய மூக்குக்கண்ணாடி. நாற்காலியில் உட்கார மாட்டார். தேய்ந்துபோன பிளாஸ்டர் அச்சு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவார். பஞ்சாயத்து எதுவானாலும் முதலில் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார். முந்தானை முழுக்கக் களிமண் மாவு. ஆகவே துடைத்தபின் கண்ணாடி முன்னைவிட மங்கலாகிவிடும். அதை மாட்டிக்கொண்டுதான் இரண்டு தரப்பையும் மாறி மாறிப் பார்ப்பார்.

எதற்குப் பஞ்சாயத்து என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு சின்னப் பட்டறை. நான் ஃபியூஸ் கட்டை செய்கிறவன்; வீட்டு மீட்டர் பெட்டியில் கையால் பிடுங்கிச் செருகுவோமே, அந்த வெள்ளைப் பீங்கான் கட்டை. அக்கா கொலு பொம்மை செய்தார். பட்டறை பன்னிரண்டு என்றாலும் சூளை ஒன்றுதான், சங்கத்துக்குச் சொந்தமான பொதுச் சூளை. சாமான்களைப் பலகைகளில் அடுக்கி, பலகைகளை இரும்புச் சக்கர வண்டி ஒன்றில் தட்டுத் தட்டாக ஏற்றி, வண்டியோடு சூளைக்குள் தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும். வாரத்துக்கு இரண்டு வண்டிதான் வேகும். அதில் யார் பலகை ஏறுவது, யார் பலகை நிற்பது என்று முடிவு சொல்வது சங்கத் தலைவரின் வேலை. பன்னிரண்டு பேரின் வாயிலும் விழுந்து எழ வேண்டிய வேலை. எவனும் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் அக்காவைத் தலைவராக்கினோம்.

அவரிடம் நான் முதன்முதலாக முட்டிக்கொண்டது ஒரு கார்த்திகை மாதத்தில். என் ஃபியூஸ் கட்டைகள் வெள்ளிக்கிழமை லாரியில் ஏறியாக வேண்டும். வாக்குக் கொடுத்திருந்தேன். அதே வாரம் குடில் அண்ணனும் வந்து நின்றார். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பொம்மை செய்கிறவர், சாதுவான மனிதர். மாதாவும் சூசையப்பரும் தயார், குழந்தை யேசுவுக்குத்தான் இன்னும் வண்ணம் சுடவில்லை என்றார். என் சாமானுக்கு உச்சச் சூடு வேண்டும். வண்ணம் தீட்டிய பொம்மைக்கு இளஞ்சூடு. இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்ற முடியாது. அக்கா கண்ணாடியைத் துடைத்தார்.

"தம்பி வாக்கு குடுத்துட்டாரு. குடுத்த வாக்கக் காப்பாத்தறது ஞாயந்தான். அண்ணனுக்குப் பண்டிக வருது. பண்டிகைக்கு முன்னால பொம்ம போய்ச் சேர்றதும் ஞாயந்தான். ரெண்டும் ஒண்ணா நடக்காது. ஒண்ணு நிக்கும்."

"அதான் தெரியுதே! எது நிக்கும்? ஒரு பக்கம் சொல்லுங்கக்கா!"

"ஒங்களுது நிக்கட்டும் தம்பி. பண்டிக தேதிய மாத்த முடியாது, லாரிக்காரர்ட்ட கேட்டுப் பாக்கலாம். ஆனா ஒங்களுக்கு நட்டந்தான். இல்லன்னு சொல்ல மாட்டேன். அதுக்கு நாங்க வருத்தப்படணும்."

"நீங்க வருத்தப்பட்டா என் ஃபியூஸ் வெந்துருமா?"

"வேகாது" என்றார் அக்கா.

இந்த இடத்தில்தான் எனக்கு ரத்தம் கொதிக்கும். "நீ கேட்டது தப்பு" என்று சொன்னால் சண்டை போடலாம். "நீ கேட்டது சரி, ஆனாலும் கிடையாது" என்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்க வேண்டியதுதான்.

அதற்கும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். சூளைக்கு எதிரே ஒரு டீக்கடை. வண்டியில் இடம் கிடைத்தவர், கிடைக்காதவரை அங்கே கூட்டிப்போய் ஒரு டீ வாங்கித் தர வேண்டும். அந்த டீ தீரும்வரை தோற்றவர் என்ன வேண்டுமானாலும் பேசலாம், திட்டலாம், ஏழு தலைமுறையையும் இழுக்கலாம். வாங்கித் தந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் விதி. அக்கா இதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஒருவரும் மீறியதில்லை.

அன்றைக்கு அந்த ஒரு கிளாஸ் டீயை முக்கால் மணி நேரம் குடித்தேன். குடில் அண்ணன் எதிரே உட்கார்ந்து, செம்மறியாடு மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் கிளாசில் ஈ விழுந்துவிட்டது. டீ முடியவில்லை, குடிக்கவும் முடியாது. இப்போது அண்ணன் பேசலாமா கூடாதா? டீக்கடைக்காரர் ரோட்டைத் தாண்டி ஓடிப்போய் அக்காவைக் கேட்டு வந்தார். "புது டீ போடணுமாம் சார். தீர்ற வரைக்கும் தீரலதானாம்." அடுத்த டீ அரை மணி நேரம் ஓடியது. திட்டுவதற்கு எனக்கே ஒன்றும் மிச்சமில்லாமல், கடைசியில் அண்ணனிடம் என் மைத்துனனைப் பற்றித் திட்டிக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கும்போது கோபம் பாதி இறங்கியிருந்தது. அதை ஒத்துக்கொள்ள அப்போது எனக்கு மனசில்லை.

சூளையில் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். ஒரு முறை ஸ்ரீமுஷ்ணம் போகிற பஸ்ஸில் அவரோடு போனேன். ஜன்னலோரம் ஒரு கர்ப்பிணிப் பெண், காற்று வராவிட்டால் வாந்தி வரும் என்றாள். பின் சீட்டில் சளி பிடித்த பெரியவர், ஜன்னலைச் சாத்தாவிட்டால் இருமியே உயிர் போய்விடும் என்றார். கண்டக்டர் கண்டுகொள்ளவில்லை. நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்: அக்கா, பேசாம வாங்க. அவர் கை அதற்குள் கண்ணாடிக்குப் போய்விட்டது.

"அந்தப் பொண்ணுக்குக் காத்து வேணும், ஞாயந்தான். பெரியவருக்குக் காத்து ஆவாது, அதுவும் ஞாயந்தான். ஒரே ஜன்னல். பாதி தூரம் தெறந்து வைங்க, பாதி தூரம் சாத்துங்க."

பாதி தூரம் பெரியவர் இருமினார், மீதி தூரம் அந்தப் பெண் வாந்தி எடுத்தாள். இரண்டு பேரும் இறங்கும்போது அக்காவைத் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். "பாத்தீங்களா? ஒருத்தர் பக்கமாச் சொல்லியிருந்தா ஒருத்தராவது வாழ்த்தியிருப்பாங்க" என்றேன். அக்கா யோசித்துவிட்டு, "அதுவும் ஞாயந்தான் தம்பி" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

முதுகெலும்பில்லாத பொம்பளை என்று நான் முடிவுகட்டியிருந்தேன். ஒரே ஒரு நாள் அந்த முடிவு ஆட்டம் கண்டது. பட்டறையை மூடிவிட்டுப் போன ஒருவரின் இடத்தில், காலனியைச் சேர்ந்த ஒருவர் புதிதாகச் சங்கத்தில் சேர்ந்தார். கப்பும் சாசரும் செய்கிறவர், நல்ல கை. அகல் விளக்கு செய்கிறவர் எழுந்து, "அவங்க பலகை மேல் தட்டுல இருந்தா, அதுக்குக் கீழ என் பலகைய வெக்க மாட்டேன். வெளக்கு சாமிக்குப் போறது" என்றார். எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அடுத்து என்ன வரும் என்று எங்களுக்குத்தான் மனப்பாடம் ஆயிற்றே. ஆனால் அவர் கண்ணாடியைத் தொடவே இல்லை.

"இதுல ரெண்டு இல்ல" என்றார். "பொறப்ப வெச்சி ஒருத்தரக் கீழ வெக்கறதுக்கு ஞாயம்னு ஒண்ணு கெடையாது. அவர் பலகை எங்க வருதோ அங்க வரும். முடியாதுன்னா தனியா சூளை கட்டிக்குங்க. மொத செங்கல்ல நானே வந்து வெக்கிறேன்."

விளக்குக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. "சரி, தோத்தவனுக்கு டீயாவது உண்டா?"

"இதுக்கு டீ கெடையாது."

விளக்குக்காரர் இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் அவர் பலகை கீழ்த் தட்டில் ஏறியது. தீபம் நெருங்கிவிட்டதே, என்ன செய்வார்? எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். "இத்தன நாளும் இந்தத் தைரியத்த எங்கக்கா வெச்சிருந்தீங்க? எல்லாத்துக்கும் இப்பிடி ஒரே போடா போட வேண்டியதுதான!" என்றேன். "எல்லாமும் இது மாதிரி இல்லியே தம்பி" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளப் போய்விட்டார்.

அதிலிருந்து எனக்குள் ஒரு அரிப்பு. உலகத்தில் எல்லாக் கேள்விக்கும் ஒரே ஒரு சரியான பதில்தான் இருக்க முடியும், அதைச் சொல்ல இந்த அம்மாவுக்குச் சோம்பேறித்தனம் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டும்விட்டேன்.

"அக்கா, எல்லார் சொல்றதும் ஞாயம்னு சொல்றீங்க. சரி. அப்ப எல்லாரையும் பேச வுட்டு, பெரிய விஷயம்னா கைதூக்கச் சொல்லி, டீ குடுத்து நீங்க நடத்தறீங்களே இந்த ஏற்பாடு, இது மட்டும் எப்பிடி ஒசத்தி? இதுவும் பத்தோட பதினொண்ணுதான? இதான் சரின்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?"

மடக்கிவிட்டேன் என்று எனக்கே புல்லரித்தது. அக்கா வழக்கத்தைவிட அதிக நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"தெரியல தம்பி" என்றார். "இதான் ஒசத்தின்னு ரூல் போட்டு நிரூபிக்கச் சொன்னா எனக்குத் தெரியல. ஒண்ணே ஒண்ணு. நீங்க இப்ப எழுந்து என்னைக் கேட்டீங்க பாருங்க, அதுக்கு இதுல எடம் இருக்குது. என்னை எறக்கவும் எடம் இருக்குது. ஒங்க ஏற்பாட்டுல இருக்குமா?"

"என் ஏற்பாட்டுல எறக்க வேண்டிய அவசியமே வராது!"

"அப்பிடியா? அப்ப மூணு மாசம் நீங்களே தலைவரா இருந்து பாருங்க. நல்லா இருந்தா அதையே வெச்சிக்குவோம்."

சொல்லிவிட்டு அந்தப் பிளாஸ்டர் அச்சிலிருந்து எழுந்துவிட்டார். நான் கொஞ்சம் ஆடிப்போனேன். சண்டை போட்டுப் பிடுங்கலாம் என்று வந்தவன் கையில் தட்டோடு எடுத்துக் கொடுத்தால் எப்படி இருக்கும்? ஆனாலும் விடவில்லை. மறுநாளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டேன். சூளைச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் என் கையாலேயே எழுதினேன்: 'ஒரே விதி எல்லோருக்கும். பிறர் சரக்கைக் கெடுத்தவருக்கு ஒரு வருடம் வண்டியில் இடமில்லை.' மேல் தட்டுச் சாமானின் கிளேஸ், அதாவது பளபளப்புப் பூச்சு, வழிந்து என் ஃபியூஸ் கட்டைகள் அடிக்கடி பாழாகும். அந்த எரிச்சலில் எழுதியது அது. டீ விதியை ரத்து செய்தேன். நியாயமாக முடிவெடுத்தபின் தோற்றவன் என்ன திட்டுவது?

ஒரு மாதம் ஜோராகப் போனது. அப்புறம் கொலு சீசன் வந்தது. பொம்மைக்காரர்களுக்கெல்லாம் வண்டி வேண்டும், எனக்கும் வண்டி வேண்டும். குடில் அண்ணனுக்கும் கடைகளுக்கு முன்கூட்டியே சரக்குப் போக வேண்டும். இந்த வம்பையே அடியோடு ஒழிக்க எனக்கு ஒரு யோசனை உதித்தது. எல்லாச் சாமானையும் ஒரே வண்டியில், ஒரே நாளில், ஒரே சூட்டில் ஏற்றிவிட்டால்? யாரும் நிற்க வேண்டாம், யாரும் வருத்தப்பட வேண்டாம். சென்னையிலிருந்து வந்த ஒரு வியாபாரி, எந்தச் சூட்டையும் தாங்கும் புது வண்ணம் என்று சத்தியம் செய்தான். நானும் மடையனில்லை, சோதித்துப் பார்த்தேன். ஒரு மயில் பொம்மைக்கு அந்த வண்ணத்தை அடித்து, ஃபியூஸ் வண்டியின் கதவோரத்தில் வைத்துச் சுட்டேன். போன மயில் அப்படியே நீலமாகத் திரும்பி வந்தது. பொம்மைக்காரர்கள் எல்லோரும் இனி அந்த வண்ணத்தையே அடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

சூளை எரிக்கிற பர்னர்காரர் தலையைச் சொறிந்தார். "சார், கதவோரம் சூடு கம்மி சார். அங்க வெச்சா அப்பளங்கூடப் பொரியாது. நடு வண்டியில வெச்சிப் பாருங்க."

"நீங்க பர்னரப் பாருங்க. விதிய நான் பாத்துக்கறேன்" என்றேன். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அக்காவின் சரக்கு அந்த வருடம் கல்யாண செட். மணமகன், மணமகள், ஐயர், தாலி எடுத்துக் கொடுக்கும் மாமா, நாயனக்காரர், தவில்காரர், பந்தியில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேர், ஒவ்வொருவர் இலையிலும் தனித்தனியாக லட்டு. மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்தது. பலகையைத் தூக்கி வந்து வண்டியருகே நின்று, "எனக்கு மனசு ஒப்பல தம்பி" என்றார்.

"அப்ப வெக்காதீங்க."

"மூணு மாசம்னு வாக்கு குடுத்துட்டேன். அதுவும் இருக்குதுல்ல" என்று சொல்லி நடுத் தட்டில் ஏற்றினார்.

வண்டி வெந்து ஆறி, கதவைத் திறந்தபோது காலை பத்து மணி இருக்கும். பன்னிரண்டு பட்டறைக்காரர்களும் கூடி நின்றோம். நான் மாலையும் கற்பூரமும் வாங்கி வைத்திருந்தேன். வண்டி வெளியே வந்தது. என் ஃபியூஸ் கட்டைகள் பளபளவென்று அருமையாக வெந்திருந்தன. அதற்குப் பின்னால் இருந்த அத்தனையும் வெள்ளை.

வெள்ளை என்றால் ஃபியூஸ் கட்டை வெள்ளை. வண்ணம் ஒரு பொட்டு இல்லை. மணமகன் வெள்ளை, மணமகள் வெள்ளை, தாலி வெள்ளை, லட்டு வெள்ளை. அது கல்யாணமா கருமாதியா என்றே சொல்ல முடியாது. பந்தியில் பத்துப் பேர் கண்ணில்லாமல் உட்கார்ந்து வெறும் இலையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். குடில் அண்ணன், குழந்தை யேசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல கறுப்பு ராஜா யாருங்க?" என்றார். அவருடைய சரக்கில் ஆட்டுக்குட்டிகள் மட்டும் தப்பித்தன. அவை எப்படியும் வெள்ளைதானே.

பர்னர்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவரைப் பார்த்து ஒவ்வொருவராகச் சிரித்தார்கள். அழ வேண்டியவர்கள் சிரிப்பதைப் பார்த்து, மாலையையும் கற்பூரத்தையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மணமகளை எடுத்து, மேலே ஏதோ தூசி படிந்திருப்பது போல முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

சிரிப்பு அடங்கியதும் விளக்குக்காரர் சுவரைக் காட்டினார். "என்னா எழுதியிருக்குது? யாராச்சும் படிங்கப்பா." என் எழுத்து, என் சிவப்புப் பெயிண்ட். பிறர் சரக்கைக் கெடுத்தவருக்கு ஒரு வருடம் வண்டியில் இடமில்லை. ஒரு வருடம் சூளை இல்லையென்றால் என் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். வேறு பொதுச் சூளை ஊரில் கிடையாது. அப்போதுதான் எனக்கு அந்த வாக்கியம் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது.

மறுநாள் கூட்டம். என்னைப் பற்றிய கூட்டத்தில் நானே தலைவராக இருக்க முடியாதே. அக்காவை மறுபடி உட்காரச் சொன்னார்கள். பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டு அச்சின்மேல் உட்கார்ந்தார். அவர் கை கண்ணாடிக்குப் போகுமா போகாதா என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். 'ஒரு பக்கம் சொல்லுங்கக்கா' என்று ஒன்பது வருடத்தில் எத்தனை தடவை கத்தியிருப்பேன். எங்கள் ஊர்ப் பழமலைநாதா, இன்றைக்கு மட்டும் அவர் ஒரு பக்கம் சொல்லிவிடக் கூடாது.

போயிற்று கை. கழற்றித் துடைத்தார். எனக்கு மூச்சு வந்தது.

"தம்பி எழுதுன விதி, தம்பிக்கும் சேர்த்துதான். அடுத்தவங்களுக்குன்னா ஒண்ணு, தனக்குன்னா ஒண்ணுன்னு இருக்க முடியாது. அவர் வெளிய போவணும்னு நீங்க கேக்கறது ஞாயந்தான். ஆனா அவர் பட்டறையில நாலு பொம்பளைங்க வேலை பாக்கறாங்க. இவர் பொட்டியக் கட்டுனா அவங்க வூட்ல ஒலை கொதிக்காது. அவங்களா அந்தக் கலர அடிக்கச் சொன்னாங்க? அவரும் யாரையும் கெடுக்கணும்னு பண்ணல, எல்லாருக்கும் நல்லது பண்றேன்னு பண்ணாரு. அவர் இருக்கணும்னு சொல்றதும் ஞாயந்தான். ரெண்டும் ஒண்ணா நடக்காது. எதப் பண்ணாலும் ஒரு தப்பு நம்ம கையில ஒட்டும். அது தெரிஞ்சி கையத் தூக்குங்க."

எனக்கு ஓட்டு இல்லை. மீதி பதினோரு பேர். இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார். முதலில் எழுந்தது, நம்ப மாட்டீர்கள், குடில் அண்ணனின் கை. அடுத்து கப்பு சாசர்காரர். அக்கா பேசியதில் மனம் மாறி இன்னும் நாலு பேர். ஆறு. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. நன்றி சொல்ல அக்கா பக்கம் திரும்பினேன்.

"போவட்டும்ங்கறவங்க" என்று கேட்டார் அக்கா. விளக்குக்காரர் தூக்கினார். இன்னும் மூன்று பேர் தூக்கினார்கள். ஐந்தாவதாக, மாவு படிந்த முந்தானை சரிய, அக்கா தன் கையைத் தூக்கினார்.

என்னை இருக்க வைத்தது அவர் பேச்சு. என்னைப் போகச் சொன்னது அவர் கை. அவர் எண்ணி முடித்து, சாதாரணமாக, "ஆறு, அஞ்சு. தம்பி இருக்கட்டும்" என்றார். "சொவத்துல இருக்கறத அழிச்சிடுங்க."

ஆக, நான் ஜெயித்தவன். தோற்ற ஐந்து பேரில் அக்கா ஒருவர். டீ விதியை நான்தான் ரத்து செய்திருந்தேன். ரத்தாவது மண்ணாவது, ஐந்து பேரையும் டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். நாலு பேர் கிழிகிழியென்று கிழித்தார்கள். விளக்குக்காரர் மூன்று தனித்தனிச் சந்தர்ப்பங்களில் என் அப்பாவைக் குறிப்பிட்டார். எல்லோரும் குடித்து முடித்துப் போனார்கள். பெஞ்சில் அக்காவும் நானும். அவர் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கோ நெஞ்சுவரை வந்து நிற்கிறது: மன்னிச்சிடுங்கக்கா. டீ தீரட்டும், சொல்லிவிடலாம் என்று அந்தக் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த மணப்பொண்ணுக்குக் கண்ணு மட்டும் மூணு நாள் எழுதுனேன்" என்றார் ஒருவழியாக. "ரெண்டே ரெண்டு மயிரு இருக்கற பிரஷ்ஷுல. கீழ பாக்கற மாதிரி. வெக்கப்படற மாதிரி. எனக்கே தெரியாது எப்பிடி வந்துச்சின்னு. இன்னொரு தடவ வராது."

நான் பேசக் கூடாது.

"நீங்க இருக்கறது சங்கத்துக்கு நல்லதுதான். அதத்தான் சொன்னேன். ஆனா எனக்கு மனசு ஆறல. நீங்க போவணும்னு இருந்துச்சி. இன்னமும் இருக்குது." ஒரு வாய் குடித்தார். "எனக்குன்னு பக்கமே கெடையாதுன்னு நெனச்சிட்டிருந்தீங்களா தம்பி? எல்லா நாளும் இருந்துச்சி. அன்னைக்கி ஒங்க ஃபியூஸும் அண்ணன் பொம்மையும் வந்தப்பகூட, என் பலகைதான் மொதல்ல போவணும்னு இருந்துச்சி. அத எல்லாருக்கும் விதியா எழுதி வெக்கலாமா? தோத்துட்டு, மறுநா காலையில அதே சூளைக்கு வரணும்ல. எல்லாரும் வரணும்ல."

எழுந்து முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார். "போயிட்டு வரேன் தம்பி. நாளைக்கி ஒங்க பலகைதான் மொதல்ல, மறந்துடாதீங்க." ரோட்டைத் தாண்டி, லாரிக்கு நின்று, சூளைக்குள் போய்விட்டார்.

மறுநாள் வழக்கம்போலத்தான் பேசினார். நானும் பேசினேன். அதற்கப்புறம் அவர் பட்டறையை விட்டு மகளோடு போகும்வரை, வண்டியைப் பற்றி, களிமண்ணைப் பற்றி, ரயில் பாதை வேலையைப் பற்றியெல்லாம் பேசினேன். அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. வாய்வரை வரும், நின்றுவிடும். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்.

அன்றைக்கு அவர் போனபின் டீக்கடைக்காரர் பெஞ்சைத் துடைத்துக்கொண்டே வந்தார். "என்னா சார், முடிஞ்சுதா? கிளாஸ எடுத்துக்கலாமா?"

பார்த்தேன். அடியில் ஒரு வாய் டீ மிச்சம் இருந்தது. மறந்து வைத்தாரா, வேண்டுமென்றே வைத்தாரா, தெரியவில்லை. நான் வாயைத் திறக்காமல், கிளாசின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டேன்.